வெட்டிய பிறகு ஒட்டிய நோட்டீஸ்

இன்ஜினியர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன மாதம் கிழக்கேகோட்டைப் பக்கத்து மண்டபத்தில் உங்களுக்குப் பாராட்டு நடந்தது. கழுத்து நிறைய மாலையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள். "ஒருத்தன் தன் வள்ளத்தைக் கால்வாயில் கைவிட்டுப் போயிட்டான். நான் வெட்டி எடுத்த பிறகு, ஐயோ என் வள்ளமேன்னு அழுதுண்டு வந்து நின்னான்" என்றீர்கள். மண்டபம் சிரித்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அந்த வள்ளக்காரன் பெயர் கொச்சப்பி. அவன் வள்ளத்தைக் கைவிடவில்லை. அழவும் இல்லை. இன்று சாலை பஜார் கடைகளில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறான். மச்சினனும் அவனுமாகச் சேர்ந்து, ஒழிந்த நேரத்தில் பலகை தைத்து, ஒரு சின்ன வள்ளம் கட்டி முடித்திருக்கிறார்கள். கால்வாய் ஆபீஸ் நம்பர் தகடு கொடுத்தால்தான் அதைக் கால்வாயில் ஓட்டலாம். ஆபீஸ் கொடுக்காது. கைவிட்ட வள்ளங்களின் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரு வரி இருக்கிறது. வள்ளத்தைக் கைவிட்டவனுக்கு மறுபடி நம்பர் கிடையாது என்பது சட்டம். அந்த வரியை எழுதியது நீங்கள். கீழே கையெழுத்துப் போட்டது நான்.

இனி நான் பேசுவது கால்வாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களோடு. ஐயாவும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

தம்பிமார்களே, தூர் வாருவது, மட்டம் பார்ப்பது, மஸ்டர் ரோல் எழுதுவது எல்லாம் ஆபீசில் சொல்லித் தருவார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற வள்ளம் எல்லாம் செத்த வள்ளம் இல்லை.

நம் பக்கத்து வள்ளத்துக்கு ஆணி கிடையாது. ஆஞ்சிலிப் பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டுவது. கரையில் ஏற்றி வைத்தால் பலகை காய்ந்து வெடித்துவிடும், தையல் விட்டுவிடும். அதனால் ஓட்டம் குறைந்த மாதங்களில் வள்ளக்காரன் என்ன செய்வான்? மூங்கில் பாய்க் கூரையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவான். நம்பர் தகடு துருப்பிடிக்கும், திருட்டுப்போகும் என்று அதையும் கழற்றிக்கொள்வான். பிறகு கரையோரம் குற்றி, அதாவது மரமுளை, அடித்து, வள்ளத்தை அதில் கட்டி, உள்ளே வெட்டுக்கல்லை ஒரே சீராக அடுக்கி, தண்ணீரை விட்டு மூழ்கடித்துவிடுவான். மழை முடிந்ததும் கல்லை எடுத்து, தண்ணீரை இறைத்தால் வள்ளம் பொம்மை மாதிரி மேலே வரும். அவர்கள் இதை உறக்கம் என்பார்கள். வள்ளம் உறங்குகிறது.

நம் சட்டப் புத்தகம் என்ன சொன்னது தெரியுமா? கூரை இல்லாமல், நம்பர் தகடு இல்லாமல், மூழ்கிக் கிடப்பது கைவிட்ட வள்ளம். அதாவது, எவன் தன் வள்ளத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டானோ அவன்தான் சட்டப்படி கைவிட்டவன்! இதை எழுதிய மகராசன் வள்ளத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் பார்த்திருப்பான்.

ஆனால் எனக்குத் தெரியும். நான் ஓவர்சியராக வேலைக்கு வந்து அப்போது நாலு மழைக்காலம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்துதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று இருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை.

பல வருஷம் முன்னால் ஒரு கர்க்கடக மாதம், நம் ஆடி. மூன்று நாளாக விடாத மழை. வள்ளக்கடவுக்கு வடக்கே, வேளிக்குப் போகும் வழியில் கால்வாய் ஒரு வளைவு திரும்பும். நான் ஆரியசாலையிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். கொல்லம் பக்கமிருந்து வந்த அரிசி வள்ளங்கள் வளைவுக்குக் கீழே ஒன்றன் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் அவற்றுக்கு எதிராக, தெற்கிலிருந்து வேளிப் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. முதல் வள்ளக்காரன் கழுக்கோலை ஊன்றித் தள்ளி முன்னால் வருவான், அடியில் ஏதோ மரத்தில் டொம் என்று இடிக்கும், வெள்ளம் பின்னால் தள்ளும். அவன் பின்னால் வந்து இடிப்பது இரண்டாம் வள்ளத்தை. அது மூன்றாவதை. ஒவ்வொரு இடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை வரிசையாகக் கடைசி வரைக்கும் போகும்.

கரையில் சாலை வியாபாரிகள் வந்து குவிந்துவிட்டார்கள். திருநெல்வேலிக்காரரான அரிசிக்கடைப் பிள்ளை வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஓய் ஓவர்சியரே! மூட்டைக்குள்ள அரிசி ஊறிப்போச்சு. இன்னும் ரெண்டு நாள் நின்னா நாத்து முளைக்கும். நீரே பிடுங்கி நட்டுக்கிடும்வே!"

"அரிசி முளைக்காது அண்ணாச்சி, நெல்லுதான் முளைக்கும்" என்றான் என் கூலியாள் ஒருவன்.

"ஏலே, உனக்கு நாளைக்கு உலையில போட எது இருக்குன்னு பாரு. பொறவு என்கிட்ட வேளாண்மை பேசு!"

அந்த நேரத்தில் இன்ஜினியர் வந்தார். பியூன் குடை பிடித்தான். காற்று குடையைத் திருப்பிவிட்டது, அவர் அதைக் கவனிக்கவில்லை. வேகமான மனிதர். வந்ததும் கையை நீட்டினார். வளைவில் கரையோரம், தண்ணீருக்கு மேலே ஒரு சாண் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வள்ளத்தின் முனை.

"அதோ இருக்கே. அதுதான் தடை. வெட்டு."

கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எல்லோரும் அதையே பார்த்தோம். நான் கோடாலி ஆட்களோடு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவுக்கு மேல் இருந்தது. வள்ளத்துக்குள் காலை வைத்தேன். காலுக்கடியில் கல். பக்கத்தில் இன்னொரு கல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தளம் போட்ட மாதிரி சீராக, இடைவெளி இல்லாமல். பக்கப் பலகையைக் கையால் தடவினேன். தையல் கயிறு முறுக்காக இருந்தது. புதுக் கயிறு.

தம்பிமார்களே, என் கால் சொல்லிவிட்டது. இது உறங்குகிற வள்ளம் என்று என் கால் பச்சையாகச் சொன்னது.

"சார், இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நம்பர் தகடு இருக்கா?"

"இல்ல சார்."

"கூரை?"

"இல்ல சார். ஆனா..."

"ஆனாவும் இல்லை ஆவன்னாவும் இல்லை. கைவிட்டது. வெட்டு ஓவர்சியர்!"

வெட்டும் முன்னால் கடவில், அதாவது படகுத்துறையில், நோட்டீஸ் ஒட்டி, ஏழு நாள் காத்திருந்து, உடையவன் வருகிறானா என்று பார்க்க வேண்டும். அதுவும் சட்டம்தான். அதை நான் நினைத்தேன். பிள்ளை கரையிலிருந்து, "பூசை போட்டுத்தான் வெட்டுவீரோ!" என்று கூவினார். வியாபாரிகள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. நான் கையை ஓங்கி, "வெட்டுடா!" என்றேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு உற்சாகமாக இருந்தது. கோடாலி விழுகிறது, தையல் அறுகிறது, நல்ல ஆஞ்சிலிப் பலகை சுருள் பிரிகிற மாதிரி பிரிந்து மிதந்து போகிறது, கரையில் நூறு பேர் ஆர்ப்பரிக்கிறார்கள். கடவுளே என்னிடம் வந்து நிறுத்து என்று சொல்லியிருந்தாலும் எனக்குக் காது கேட்டிருக்காது. ஒரு கோடாலிக்காரன், "கீழே ஒரு கயிறு கட்டியிருக்கு" என்றான். "அறு" என்றேன்.

வெட்டி முடித்தோம். பிள்ளை கை தட்டினார். முதல் அரிசி வள்ளம் கழுக்கோலை ஊன்றி முன்னால் வந்தது.

டொம்.

பிள்ளை தட்டிய கையைக் கீழே இறக்கினார். 

அப்போதுதான் கொச்சப்பி வந்தான். தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள். மழை பலமாக இருக்கிறது, வள்ளத்துக்கு இன்னொரு கட்டுப் போடலாம் என்று வந்திருக்கிறான். முப்பது வயது இருக்கும், ஒல்லி. மிதந்து போகும் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஆரு வெட்டினது?"

"நான்தான்."

"கல்லு அடுக்கியிருந்ததே. கண்டில்லே அண்ணாச்சி?"

"கண்டேன். கால்ல பட்டுது."

"பின்னே?"



அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் தண்ணீரை நோக்கிக் கையை நீட்டினான். பிறகு சொன்னான். "அண்ணாச்சி வெட்டினது ஒறங்குன வள்ளம். செத்தது அடியில குறுக்கே கிடக்கு. மேலே தெக்கே கெடந்த பழைய வள்ளம், வெள்ளத்துல உருண்டு வந்திருக்கு. மழைக்கு முன்னே, மேட மாசத்துல ஆபீசுல வந்து சொன்னேன், அதை எடுங்கன்னு. ஒருத்தனும் வந்தில்ல."

உண்மை. வந்து சொன்னான். நானும் அப்போது ஆபீசில் இருந்தேன்.

இன்ஜினியர் கோடாலி ஆட்களைப் பார்த்து, "அதையும் வெட்டுங்கள்!" என்று கத்தினார். அப்போது கொச்சப்பி திரும்பினான் பாருங்கள்! அதுவரை சாந்தமாக இருந்தவன், "வேண்டா!" என்று ஒரு சத்தம் போட்டான், கோடாலிக்காரன் பின்வாங்கிவிட்டான்.

"வெட்டினா அந்தக் கனத்த பலகை எல்லாம் இந்த வெள்ளத்துல எங்கே போகும்? அரிசி வள்ளத்து மேலே போகும். முதல் வள்ளத்துல நிக்கது என்டெ அளியனாணு!"

அளியன் என்றால் மச்சினன். அங்கே மழையில் கழுக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் போன்ற மனிதன்தான் அவன்.

"அப்ப என்ன செய்யச் சொல்றே?" என்றார் இன்ஜினியர்.

"இந்த அறுபட்ட கயிறு எதுல கட்டியிருந்துதோ அது அவிடே தானே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் தண்ணீரில் குதித்தான். காலால் துழாவினான். தலை மட்டும் தண்ணீரில் அமுங்கியிருந்த ஒரு குற்றியைக் கண்டுபிடித்தான். தென்னங்குற்றி. ஆள் உயரத்துக்கு மேல் இறக்கி அடித்தது. வெள்ளத்தில் ஒரு விரல் அளவுகூட அசையவில்லை. அவன் வள்ளத்துக்காக அவன் அடித்த குற்றி.

அவன் சொன்ன யோசனை இது. செத்த வள்ளத்தின் நம் கரைப்பக்க முனையைக் குற்றியில் கட்ட வேண்டும். அக்கரைச் சேற்றில் புதைந்த முனையை நெம்பி விடுவிக்க வேண்டும். மிச்சத்தை வெள்ளம் பார்த்துக்கொள்ளும். அது கதவு மாதிரி சுழன்று வந்து நம் கரையோரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கதவு சுழன்று வரும் இடத்தில் அரிசி வள்ளங்கள் நிற்கக்கூடாது. எல்லாம் ஒரு வள்ள நீளம் பின்னால் போக வேண்டும். கயிறு குற்றியிலிருந்து நழுவினாலோ, செத்த வள்ளம் நேராக வரிசையின் மேல் போய் மோதும்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை முறுக்கேறுகிறது! கொச்சப்பி கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முங்கினான். நாங்கள் எண்ணிக்கொண்டு நின்றோம். வந்தான், மூச்சு வாங்கினான், மறுபடி முங்கினான். நான் கரையோரமாக ஓடினேன். "பின்னால போ! பின்னால போ!" கடைசி வள்ளக்காரன் நகர்ந்தால்தான் அதற்கு முந்தினவன் நகரலாம். கடைசி வள்ளத்தில் இருந்த கிழவன் சாவகாசமாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "எந்தா அவசரம்?" என்றான். நான் அவன் சட்டியைப் பிடுங்கிக் கரையில் வைத்தேன். நகர்ந்தான்!

அக்கரையில் பத்துப் பேர் கழுக்கோல்களைச் சேற்றில் விட்டு நெம்பினார்கள். இக்கரையில் கயிற்றைக் குற்றியில் மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியை நாங்கள் பிடித்துக்கொண்டோம். பிள்ளையும் பிடித்தார். மற்ற வியாபாரிகளும் பிடித்தார்கள். கயிறு இறுகியதும் சுற்றுகள் குற்றியின் தலைக்கு ஏறத் தொடங்கின. இன்னும் நாலு விரல் ஏறினால் கழன்றுவிடும்.

"அமுக்கு! ஆராவது அமுக்கு!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கொச்சப்பி அலறினான்.

குதித்தது இன்ஜினியர். பூட்ஸ் காலோடு, கோட்டோடு, கழுத்தளவு தண்ணீரில். குற்றியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, நெஞ்சால் கயிற்றை அமுக்கிக்கொண்டு நின்றார். பயப்படவே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யன்.

அக்கரையிலிருந்து ஒரு கூச்சல். முனை விடுபட்டுவிட்டது. கறுப்பாக, பாசியும் சிப்பியுமாக, கிழட்டு எருமை எழுந்திருக்கிற மாதிரி அது தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டியது. சுழன்றது. கயிறு குற்றியில் உராய்ந்து முறுமுறு என்றது. பிள்ளை சேற்றில் விழுந்தார். விழுந்த பிறகும் கயிற்றை விடவில்லை, குப்புறப் படுத்தபடியே, "இழுங்கலே! சோத்தை நினைச்சிக்கிட்டு இழுங்கலே!" என்று கத்தினார். அளியனின் வள்ளத்துக்கு முன்னால் ஒரு முழ இடைவெளியில் அது கடந்து போனது. கரையில் வந்து மோதி, உட்கார்ந்துவிட்டது.

கால்வாய் திறந்துவிட்டது. முதல் வள்ளம் வளைவு தாண்டியபோது எழுந்த கூச்சல் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். கட்டிப் பிடித்துக்கொண்டோம். இன்ஜினியர் கொச்சப்பியின் முதுகில் தட்டினார். "சபாஷ்!" என்றார்.

அரை மணி நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஓவர்சியர், ஃபார்மாலிட்டி பாக்கி இருக்கே. அந்த நோட்டீசை ஒட்டிடு. தேதி ஒரு வாரம் முன்னால போட்டுக்கோ."

நான் ஒட்டினேன். அரிசி வள்ளத்துக் கிழவனிடம் கஞ்சிப் பசை வாங்கி, கடவுத் தென்னை மரத்தில் ஒட்டினேன். மழையில் மை ஓடியது. கொச்சப்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"எந்தா எழுதியிருக்கு?"

"வள்ளத்துக்கு உடையவன் இருந்தால் நேரில் வரவேண்டும் என்று."

"வந்தல்லோ" என்றான்.

நான் பசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

முறைப்படி நோட்டீஸ் ஒட்டப்பட்டது, யாரும் வரவில்லை, கைவிடப்பட்ட வள்ளங்கள் இரண்டும் அகற்றப்பட்டன என்று பதிவேட்டில் இன்ஜினியர் எழுதினார். முதல் வள்ளத்துக்கு எதிரே கொச்சப்பியின் பெயர். கீழே என் கையெழுத்து. ஏன் போட்டேன்? வேலை போய்விடும் என்ற பயம். வேறு நியாயம் எதுவும் இல்லை, தேடவும் வேண்டாம்.

தம்பிமார்களே, அவசரத்தில் தப்பான வள்ளத்தை வெட்டுவீர்கள். கட்டாயம் ஒரு நாள் வெட்டுவீர்கள். எல்லோரும் கத்தும்போது கால் சொல்வது கேட்காது. அந்தத் தப்பை அன்று மாலையே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவனுக்கு அடுத்த மழைக்குள் வேறு வள்ளம் வந்திருக்கும். கோடாலி பறித்தது ஒரு வள்ளத்தை மட்டும்தான். அவன் தொழிலைப் பறித்தது நான் ஒட்டிய அந்தக் காகிதம். யாராவது உங்களிடம் முன்தேதி போட்ட காகிதத்தை நீட்டினால், பேனாவைக் கால்வாயில் எறியுங்கள். வேலை போனால் போகட்டும்.

நான் ஆபீசுக்கு மூன்று தடவை போய்விட்டேன். நோட்டீசை வெட்டிய பிறகுதான் ஒட்டினேன் என்று எழுதியே கொடுத்தேன். "கையெழுத்துப் போட்டவர் சொன்னால் போதாது. வரியை எழுதியவர் சொல்ல வேண்டும்" என்கிறார்கள். எழுதியவரிடம் போனேன். இன்ஜினியர் ஐயா, காப்பி கொடுத்து, "பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்?" என்றீர்கள். கிளறியது நானில்லை. மாலை போட்டுக்கொண்டு மைக்கில் கிளறியது நீங்கள்.

கொச்சப்பியின் புது வள்ளம் வள்ளக்கடவுக் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. வெயில் ஏறிவிட்டது. ஆஞ்சிலிப் பலகை ஒன்றில் கீறல் விழத் தொடங்கிவிட்டது, நேற்று என் விரலால் தடவிப் பார்த்தேன். "தண்ணியில முக்கிப் போட்டுவையேன்" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நம்பர் இல்லாத வள்ளம், கூரை இல்லாத வள்ளம், தண்ணீருக்கு அடியில். எவன் வெட்டுவான், எவன் நோட்டீஸ் ஒட்டுவான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். எனக்குக் கடிதம் வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். சிரித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அதே மண்டபத்தில், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் கோட்டு நெஞ்சில் பாசி ஒட்டியிருந்தது. அது ஒரு தென்னங்குற்றியின் பாசி. வள்ளத்தைக் கைவிட்டுப் போகிறவன் ஆள் உயரத்துக்குக் குற்றி இறக்கி அதில் கட்டிவைத்துவிட்டா போவான்? உங்களைத் தாங்கி நின்ற அந்தக் குற்றி யார் அடித்தது ஐயா? பேரைச் சொல்லுங்கள்.